அவரா, இவரா? ரசிகர் விவாதத்தின் பலமும் பழுதும்

1991 நவம்பர் 5, தீபாவளி. மணிரத்னத்தின் ‘தளபதி’யும் சந்தான பாரதியின் ‘குணா’வும் ஒரே நாளில் வெளியாயின. ஒன்றில் ரஜினிகாந்த், மற்றதில் கமல்ஹாசன். ‘தளபதி’ சூர்யாவின் கோபம் பெரிதா, குணாவின் பித்து பெரிதா? எது நடிப்பு, எது படம்? டீக்கடை பெஞ்சிலும் சலூன் நாற்காலியிலும் கல்லூரி விடுதி மாடியிலும் அன்று கிளம்பிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை.

தமிழ் ரசிகர்கள் பெரும்பாலும் இப்படி இரண்டு பெயர்களை நிறுத்திவைத்தே சினிமா பேசி வந்திருக்கிறார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, எம்.ஜி.ஆர், சிவாஜி, ரஜினி, கமல், விஜய், அஜித். இசைக்கு வந்தால் இளையராஜா, ரஹ்மான். தலைமுறைகள் மாறின, கேள்வி மாறவில்லை: அவரா, இவரா? படித்தவர்கள் பலர் இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கினார்கள். ரசிகர்களோ சும்மா ஜாலிக்குத்தான் என்று சொல்லி நழுவிக்கொண்டார்கள். இருவருமே இதன் கனத்தை உணரவில்லை. எண்பது ஆண்டுகளாக ஒரு சமூகம் ஒரு கலையைப் பற்றி விடாமல் பேசிய பேச்சு இது. அதன் பலத்தையும் பழுதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இந்த இருவர் அணி முறை தமிழ் ரசிகருக்குக் கூர்மையான பார்வையைத் தந்தது. அந்தப் பார்வையைக் குறுக்கியதும் அதே முறைதான் என்பது என் கணிப்பு.

முதலில் பலம். ஒப்பிடுகிறவர் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். எம்.ஜி.ஆர், சிவாஜி காலத்து ரசிகர்களில் பலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். ஆனால் ‘திருவிளையாடல்’ படத்தில் மீனவராக வரும் சிவாஜி கடற்கரையில் நடக்கும் நடை எப்படிப்பட்டது, அதே படத்தில் புலவராக வந்து நக்கீரரோடு வாதிடும்போது அந்த உடம்பு எப்படி மாறுகிறது என்று அவர்களால் நடந்தே காட்ட முடிந்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் நம்பியாரோடு வாள் வீசும் எம்.ஜி.ஆரின் கால் எங்கே ஊன்றுகிறது, சண்டைக்கு நடுவே அந்தப் புன்னகை எந்த நொடியில் வருகிறது என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். எதிரணி வீசிய குற்றச்சாட்டுகள்தான் இந்தக் கவனத்தை வளர்த்தன. சிவாஜியிடம் மிகை நடிப்பு என்ற புகார் வந்ததால், அவர் அடக்கி நடித்த இடங்களை அவருடைய ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். எம்.ஜி.ஆருக்கு நடிக்கத் தெரியாது என்ற ஏளனம் வந்ததால், அலட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு திறமை என்ற வாதத்தை அவருடைய ரசிகர்கள் கட்டி எழுப்பினார்கள். மிகை எது, அளவு எது என்பது அழகியலின் அடிப்படைக் கேள்வி. அதை டூரிங் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த மக்கள் தங்கள் சொந்த மொழியில் கேட்டார்கள்.

வாதத்தில் ஜெயிக்க எதிரணிப் படத்தையும் பார்த்தாக வேண்டும் என்பது இந்த முறையின் இன்னொரு நன்மை. 1964 பொங்கலன்று சிவாஜியின் ‘கர்ணன்’, எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ இரண்டும் வந்தன. குறை கண்டுபிடிக்கவென்றே எதிரணிக் கொட்டகைக்குப் போனவரும் அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். தனக்குப் பிடிக்காத அழகியலோடு அவ்வளவு நேரம் இருப்பது எளிதில் கிடைக்காத பயிற்சி.

நினைவைக் காத்ததும் ரசிகர்கள்தாம். 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் பிரதிகூட இன்று இல்லாத அளவுக்குத் தன் படங்களைத் தொலைத்த திரையுலகம் இது. எந்தப் படம் எந்தத் தேதியில் எந்தத் தியேட்டரில் வந்தது, எத்தனை நாள் ஓடியது என்பதையெல்லாம் பாட்டுப் புத்தகமாகவும் துண்டு நோட்டீசாகவும் வாய்மொழியாகவும் ரசிகர்கள் சேர்த்து வைத்தார்கள். வாதத்துக்கு ஆதாரம் வேண்டும் என்ற கட்டாயமே இந்தச் சேகரிப்புக்குத் தூண்டுதல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரசிகர் விவாதம் ஒரு மேல்முறையீட்டு மன்றமாக இயங்கியது. முதல் வாரத் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்று அது ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘குணா’வை வெளியான காலத்தில் பெருவாரியான மக்கள் ஏற்கவில்லை. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ வணிகரீதியாகத் தோற்றது. இந்தப் படங்களை விடாமல் வாதாடி மீட்டவர்கள் ரசிகர்கள். தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி பார்த்து, பிறரையும் பார்க்க வைத்து, அவற்றுக்கு இரண்டாவது வாழ்வு தந்தார்கள். 2024-ல் வந்த மலையாளப் படமான ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ கொடைக்கானல் குணா குகையையும் ‘குணா’ படத்தின் பாடலையும் திரைக்குக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எழுந்த ஆரவாரத்துக்குப் பின்னால் முப்பது வருட வாதாட்டம் இருந்தது.

இனிப் பழுது. இருவரை மட்டுமே பார்க்கப் பழகியவருக்கு மூன்றாவது ஆள் தெரிவதில்லை. ‘தளபதி’க்கும் ‘குணா’வுக்கும் இசை இளையராஜா. ஒரே தீபாவளிக்கு நட்பையும் தாய்ப் பாசத்தையும் பேசும் படத்துக்கு ஓர் இசை உலகத்தையும், மனப்பிறழ்வுக்குள் மலரும் காதலுக்கு முற்றிலும் வேறான ஓர் உலகத்தையும் ஒரே மனிதர் படைத்திருக்கிறார். அந்த இரண்டு படங்களிலும் பேச இதைவிட வியப்பான செய்தி வேறென்ன? ரஜினியா கமலா என்ற கேள்வி இந்தச் செய்திக்குள் நுழையவே விடாது. ‘கர்ணன்’ படத்தை எடுத்த பி.ஆர். பந்துலுதான் அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார். இரண்டு அணிகளும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் படங்களை ஒரே இயக்குநர் தந்திருக்கிறார். ஆனாலும் அவர் பெயரை வைத்து இரண்டு அணிகளும் பேசிக்கொண்டதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

அதிகம் இழந்தவர்கள் நடிகைகள். சி. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ 1978-ல் வந்தது. எழுத்தாளர் வண்ணநிலவனுக்கும் அதன் திரைக்கதையில் பங்குண்டு. ரஜினி, கமல் இருவரும் நடித்த படம் என்பதால் ஒப்பீட்டுப் பேச்சில் இதன் பெயர் அடிக்கடி வரும். அதில் கமல் ஆவணப்படம் எடுப்பவர், ரஜினி விளம்பர நிறுவனம் நடத்துபவர். ஆனால் கதையின் மையம் மஞ்சு, அதாவது ஸ்ரீபிரியா. பெண்ணைப் புரிந்துகொண்டதாக நினைக்கும் ஆணும், அவளை இழிவாகப் பேசும் ஆணும் கடைசியில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று கேட்கும் படம் அது. அதைப் பார்த்துவிட்டு இருவரில் யார் நன்றாக நடித்தார் என்று மட்டும் வாதிடுவது, படம் கேட்ட கேள்வியைக் காதிலேயே வாங்காமல் இருப்பது. சாவித்திரி, பத்மினி, மனோரமா, ஸ்ரீதேவி, ரேவதி என்று எத்தனை பேரைச் சொன்னாலும், நாயகர் சண்டையில் அவர்கள் ஓரமாகத்தான் நிறுத்தப்பட்டார்கள்.

இரண்டாவது பழுது எண்ணிக்கை. நூறு நாள், வெள்ளிவிழா என்று நாள் கணக்கில் சண்டை போட்ட காலத்திலேயே இந்த நோய் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒரு படம் நூறு நாள் ஓட மக்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் படத்தின் ஈர்ப்புக்கு ஓரளவு இடம் இருந்தது. இன்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் இறங்குகிறது. முதல் மூன்று நாள் வசூல் சொல்வது நடிகரின் செல்வாக்கையும் விளம்பரத்தின் வீச்சையும்தான். படம் எப்படி என்று அது சொல்லாது. மேலும், தமிழ்நாட்டில் ஒரு படத்தின் வசூலைத் தியேட்டர் வாரியாகத் தொகுத்து எல்லோரும் சரிபார்க்கும்படி வெளியிடும் ஏற்பாடு இல்லை. ஆளுக்கொரு கோடிக் கணக்கு சொல்கிறார்கள், எவராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத எண்ணை வைத்து நடக்கும் சண்டைக்கு முடிவும் கிடையாது, பயனும் கிடையாது. எல்லாவற்றையும்விட மோசம், எண்ணை வைத்துப் பேசப் படம் பார்த்திருக்கவே வேண்டாம். எதிரணிப் படத்தையும் பார்க்க வைத்த பழைய கட்டாயம் இங்கே அறுந்துவிடுகிறது.

பார்வை போன இடத்தில் விசுவாசம் மட்டும் மிஞ்சும். கருத்தை மறுப்பவர் விசுவாசிக்கு எதிரியாகத் தெரிவார். குறை சொன்ன விமர்சகரின் சாதியை, மதத்தைத் தோண்டுவதும், பெண் என்றால் அவருடைய குடும்பத்தை இழுத்து வசைபாடுவதும் இப்படித்தான் வழக்கமாயின. 2023 ஜனவரி 11 அன்று விஜய்யின் ‘வாரிசு’, அஜித்தின் ‘துணிவு’ இரண்டும் வெளியான இரவில், சென்னையில் ஒரு தியேட்டருக்கு அருகே கொண்டாட்டத்தில் ஓடும் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் குதித்தபோது அடிபட்டு இறந்தார். இன்னொருவரைவிடத் தன் நாயகனின் படத்துக்குக் கூட்டம் பெரிது, சத்தம் பெரிது என்று காட்டியே தீர வேண்டிய நெருக்கடியை இந்தப் போட்டி இளைஞர்கள் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது. அஜித் 2011-லேயே தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்துவிட்டார். மன்றம் போனது, மனநிலை போகவில்லை.

மூன்றாவது பழுது இன்னும் நுட்பமானது. நடிகரைத் தனியே பிரித்து ரசிக்கப் பழகிய கண்ணுக்குப் படத்தின் அறம் தெரியாமல் போகிறது. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ (2023) படத்தில் பகத் பாசில் ஏற்ற ரத்னவேலு சாதி வெறியன். அந்தப் படம் எதிர்த்து நிற்பதே அவனைத்தான். படம் ஓ.டி.டி.யில் வந்ததும் அவன் வரும் காட்சிகளை மட்டும் வெட்டி, மாஸ் பின்னணி இசை சேர்த்து, சாதிப் பெருமைப் பாடல்களோடு ஒட்டிப் பரப்பினார்கள். நாயகத் தோரணையை மட்டும் பார்க்கும் பழக்கம் ஒரு படத்தை அதன் பொருளுக்கே எதிராகத் திருப்பிவிட்ட கொடுமை இது.

ஆனால் அதே ‘மாமன்னன்’ ரசிகர் விவாதம் எவ்வளவு உயர முடியும் என்பதற்கும் சாட்சி. 1992-ல் வந்த ‘தேவர் மகன்’ கமலின் திரைக்கதை, பரதனின் இயக்கம். வன்முறையைக் கைவிடச் சொல்லும் படமா, ஒரு சாதியின் பெருமையைத் தூக்கிப் பிடிக்கும் படமா என்ற வாதம் முப்பது ஆண்டுகள் நடந்தது. அந்தப் படத்தில் நாயகனின் சொல் கேட்டுக் கோயில் பூட்டைத் திறந்ததற்காகக் கையை இழப்பவர் இசக்கி, நடித்தவர் வடிவேலு. அந்த இசக்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை என்னவாகும் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்த மாரி செல்வராஜ், அதே வடிவேலுவை மாமன்னனாக உட்கார வைத்தார். ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய கொந்தளிப்பை ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில் கமல் முன்னிலையிலேயே சொன்னார். ஒரு படத்தை நேசித்துக்கொண்டே அதோடு மல்லுக்கு நின்ற ஒருவரிடமிருந்து இன்னொரு படம் பிறந்தது. இங்கே ‘அவரா, இவரா’ என்ற கேள்விக்கே வேலை இல்லை. யாருடைய கதை, யாருடைய கை, யார் கண்ணில் நீதி என்பவைதாம் கேள்விகள்.

ஆகவே ஒப்பிடுவதைக் கைவிடச் சொல்வது என் நோக்கமல்ல. ஒப்பீடு நம் ஊருக்குப் பழகிய சிந்தனை முறை. பட்டிமன்றம் அதற்குச் சான்று. ஆனால் பட்டிமன்றத்தில் ஒரு நடுவர் இருப்பார். இரு பக்கத்தையும் கேட்டு, எதிரணியின் நல்ல வாதத்தையும் எடுத்துச் சொல்லித்தான் அவர் தீர்ப்புக்கு வர முடியும். ரசிகர் விவாதத்தில் அந்த நடுவர் இல்லை. ஒவ்வொரு ரசிகரும் தனக்குத் தானே நடுவராக இருந்தாக வேண்டும். அதற்குச் செய்யக்கூடியது கேள்வியை மாற்றுவது. 1995 தீபாவளிக்கு ரஜினியின் ‘முத்து’வும் கமலின் ‘குருதிப்புனல்’ படமும் ஒன்றாக வந்தன. ஒரு பக்கத்தார் ‘முத்து’ ஜப்பானில் ஓடியதைச் சொல்வார்கள். மறு பக்கத்தார் ‘குருதிப்புனல்’ ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனதைச் சொல்வார்கள். அங்கேயே பேச்சு முட்டி நிற்கும். இரண்டுமே தழுவல்கள்: ஒன்றுக்கு மூலம் மலையாளத்தின் ‘தேன்மாவின் கொம்பத்து’, மற்றதற்கு இந்தியின் ‘துரோக்கால்’. மூலத்தில் இருந்ததை கே.எஸ். ரவிகுமார் எப்படித் தமிழாக்கினார், பி.சி. ஸ்ரீராம் எப்படித் தமிழாக்கினார், எதைக் கூட்டினார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதே இரண்டு படங்கள், அதே இரண்டு அணிகள். ஆனால் பேச்சு விடியும்வரை நீளும், எழுந்து போகும்போது இரு தரப்புக்கும் சினிமா கொஞ்சம் கூடுதலாகப் புரிந்திருக்கும்.

இதில் நமக்கு உண்மையான அக்கறை வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ரஜினி ரசிகர் கார்த்திக் சுப்புராஜ் ‘பேட்ட’ (2019) எடுத்தார். கமல் ரசிகர் லோகேஷ் கனகராஜ் ‘விக்ரம்’ (2022) எடுத்தார். நேற்றுத் தியேட்டரில் விசிலடித்தவர்கள் இன்று இயக்குகிறார்கள். தங்கள் நாயகனின் பழைய உடல்மொழியை, சின்னச் சின்ன அசைவை அவர்கள் திரையில் மீட்டெடுத்த துல்லியம் பல வருட உற்றுநோக்கலின் விளைவு. நாயகனைக் கொண்டாடும் தருணங்களுக்காகவே கதை காத்து நிற்கும் பலவீனமும் அதே பழக்கத்தின் விளைவுதான். டீக்கடையில் எதைப் பேசுகிறோமோ அது பத்து வருடம் கழித்துத் திரைக்கதையாகத் திரும்பி வருகிறது. காட்சியைப் பற்றி வாதாடிய தலைமுறை நல்ல காட்சிகளை எழுதும். கோடிகளைப் பற்றி மட்டுமே வாதாடும் தலைமுறை கோடிகளுக்காக மட்டுமே படம் எடுக்கும். தன் நாயகன் சறுக்கிய இடத்தைத் தானே எடுத்துச் சொல்லி, எதிரணி நாயகன் ஜெயித்த இடத்தையும் ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் என் நாயகன்தான் என்று காரணத்தோடு நிற்கும் ரசிகர்தான் தமிழ் சினிமாவுக்குத் தேவை. அவருடைய வாக்குவாதத்தை விமர்சனம் என்றே மதிக்கலாம்.