மறுமொழி பெற்ற நாட்குறிப்பு

நாட்குறிப்பு என்பது தனிமையின் குழந்தை என்றும், பிறர் காணாவண்ணம் எழுதிப் பூட்டி வைப்பதே அதன் இலக்கணம் என்றும் கூறுவோர் உண்டு. இக்கருத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாம் நகரில் மறைந்து வாழ்ந்த சிறுமி ஆன் பிராங்க், 1942ஆம் ஆண்டு தொடங்கிய தன் குறிப்பேட்டில், கிட்டி என்றொரு தோழியைக் கற்பனையில் படைத்துக்கொண்டு அவளுக்கே கடிதம் எழுதினாள். போர்க்கால நாட்குறிப்புகளைக் காத்து வைக்குமாறு நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் 1944 மார்ச்சு மாதத்தில் இலண்டனிலிருந்து வானொலியில் வேண்டிக்கொண்டார். அதைக் கேட்டபின் அச்சிறுமி தன் பக்கங்களைத் திருத்தி எழுதலானாள். படிப்பவர் ஒருவர் என்றேனும் வருவார் என்னும் எண்ணம் அவள் நடையைச் செப்பனிட்டது. ஆயினும் கிட்டி ஒருநாளும் மறுமொழி எழுதியதில்லை.

கிட்டி மறுமொழி எழுதியிருந்தால் நாட்குறிப்பு என்னவாகியிருக்கும்? இவ்வினாவுக்கு விடை காண, 1990களில் வட அமெரிக்காவில் இணையத்தின் வழியே தோன்றிய நாட்குறிப்பாளர் கூட்டத்தை நோக்க வேண்டும்.

முதலில் வந்தவர்கள் தனித்தனியே வந்தனர். ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவரான ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தம் பக்கத்தைத் தொடங்கினார். பின்னர் அதில் நாள்தோறும் தம் வாழ்வை எழுதினார். சிறுவனாயிருந்தபோது தந்தை தற்கொலை செய்துகொண்டதையும் அவர் மறைக்கவில்லை. கனடாவின் டொரண்டோ நகரைச் சேர்ந்த கரோலின் பர்க் 1995 ஜனவரியில் எழுதத் தொடங்கினார். இவர்களெல்லாம் கணினியின் மொழியைத் தாமே கற்று, தம் வீட்டைத் தாமே கட்டிக்கொண்டவர்கள். 1998 அக்டோபரில் புரூஸ் ஏபிள்சன் என்பவர் தொடங்கிய ‘ஓபன் டைரி’யே பலரும் குடியேறத்தக்க தெருவை அமைத்தது. எழுதத் தெரிந்தால் போதும். கணினி நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதியதன் கீழேயே படித்தவர் தம் குறிப்பை இட இடமும் இருந்தது. அடுத்த ஆண்டிலேயே பிராட் பிட்ஸ்பாட்ரிக்கின் ‘லைவ்ஜர்னல்’, ஆண்ட்ரூ ஸ்மேல்ஸின் ‘டைரிலாண்ட்’ ஆகியவை தோன்றின.

அந்தச் சிறு குறிப்புக்கான இடத்தை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. நாட்குறிப்பின் வரலாற்றில் அது பெரிய திருப்பம். தாயின் நோயைப் பற்றி இரவில் ஒருத்தி எழுதுகிறாள். விடியுமுன் முன்பின் அறியாத மூவர் அதன் கீழ் எழுதிவிடுகின்றனர். மறுநாள் அவள் எழுதுவது தாயைப் பற்றியது மட்டுமன்று. அம்மூவருக்கான விடையும் அதில் கலந்திருக்கும். இவ்வாறு பாதி நாட்குறிப்பும் பாதி கடிதமுமாக ஒரு வகை உருவாயிற்று. வீட்டுச் சங்கதியைத் தெருவில் கொட்டுவது என்று இதனைப் பழிப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வடபுலத்திலிருந்து ஊர் செல்லும் நெடுந்தொலைவுப் புகைவண்டியில், எதிர் இருக்கைக்காரரிடம் நாம் சொல்வதையெல்லாம் உடன்பிறந்தானிடம் சொல்கிறோமா? பெயர் தெரியாதவரிடமே மனம் திறப்பது மனித இயல்பு. அங்கே எழுதியோருள் பெரும்பாலோர் புனைபெயர் பூண்டதற்கும் அதுவே காரணம்.

இதனை இலக்கியமாகக் கொண்டு ஆராய்ந்தவருள் முதலாக எண்ணத்தக்கவர் பிரெஞ்சு அறிஞர் பிலிப் லெழூன். எளிய மக்களின் அச்சேறாத நாட்குறிப்புகளில் வாழ்நாளைச் செலவிட்ட அவர், 1999இல் இணைய நாட்குறிப்புகளைப் படிக்கத் தொடங்கி, தம் வாசிப்பையே ஒரு நாட்குறிப்பாக எழுதி 2000இல் நூலாக்கினார். ‘அன்புள்ள திரையே’ என்பது அந்நூற்பெயரின் பொருள். ஐயத்தோடு உள்ளே சென்று மதிப்போடு வெளிவந்த திறனாய்வாளர் அவர் எனலாம்.

இவ்வெழுத்துகளை மதிப்பிடும் முறை வேறாதல் வேண்டும். ஒரு நாளின் பதிவைப் பிரித்தெடுத்து, சொல்லழகு எங்கே, அமைப்பு எங்கே என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பல பதிவுகள் சோற்றையும் காய்ச்சலையும் தேர்வையும் தவிர வேறெதனையும் பேசுவதில்லை. நூறு நாட்களைத் தொடர்ந்து படித்தால்தான் ஓர் உயிர் எழுந்து நிற்கிறது. இதற்கு இடையூறாயிருந்தது அப்பக்கங்களின் அமைப்பே. அன்றைய நாள் மேலேயும் பழைய நாட்கள் கீழேயுமாக அவை அடுக்கப்பட்டன. புதிதாக வருபவர் மணமுறிவை முதலில் படித்து, பின்னர்த் திருமணத்தை அடைவார். அன்றாடம் உடன் வந்தவருக்கும் பின்னாளில் வந்தவருக்கும் ஒரே எழுத்து இரு வேறு நூல்களாயிற்று.

குறைகளும் சிறியனவல்ல. 2001இல் கேசி நிக்கோல் என்னும் இளம்பெண், இரத்தப் புற்றுநோயோடு தான் நிகழ்த்திய போராட்டத்தை எழுதி வந்தாள். அவ்வாண்டு மே மாதம் அவள் இறந்ததாகச் செய்தி வந்தது. பலர் கண்ணீர் வடித்தனர். சில நாட்களிலேயே அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்பதும், நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவரின் கற்பனை அது என்பதும் வெளிப்பட்டன. புதினத்தில் இத்தகைய படைப்புக்குப் பரிசு கிடைத்திருக்கும்! நாட்குறிப்பில் அது வஞ்சகம். வாசகன் கண்ணீர் விட்டதோடு நில்லாமல் மறுமொழியும் எழுதியிருந்தான் என்பதுதான் வேறுபாடு.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. தன்னைப் பற்றி எழுத ஒருவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அவன் வாழ்வில் வேறு மனிதரும் இருக்கின்றனர். ஜஸ்டின் ஹால் 2005 ஜனவரியில் ஓர் ஒளிப்படக் காட்சியில் அழுதவாறு இதனையே பேசினார். அவரை நேசித்தவர்கள் அவர் பக்கங்களில் இடம்பெற விரும்பவில்லை. பதினோராண்டுக் காலம் தம்மைத் திறந்து வைத்தவர் அத்துடன் அவ்வெழுத்தை நிறுத்திக்கொண்டார். ‘லைவ்ஜர்னல்’ தந்த ஏற்பாட்டை, அதாவது தேர்ந்த நண்பர் மட்டுமே காணுமாறு ஒரு பதிவைப் பூட்டும் வசதியை, நாம் பாராட்டுவது இதனால்தான். எனினும் எழுதப்படுபவரின் ஒப்புதலை எந்தப் பூட்டும் பெற்றுத் தருவதில்லை.

இனி, இருப்பிடம் பற்றியும் சொல்ல வேண்டும். காகிதக் குறிப்பேடுகளுக்கென்று லெழூனும் நண்பரும் 1992இல் ஒரு சங்கம் நிறுவினர். பிரான்சின் அம்பெரியூ என்னும் சிற்றூரில் அவை காக்கப்படுகின்றன. இணைய நாட்குறிப்போ பிறர் மனையில் ஒண்டுக்குடித்தனம். ‘லைவ்ஜர்னல்’ 2005இலும் 2007இலும் கைமாறி உருசிய நிறுவனம் ஒன்றிடம் சென்றது. 2016இல் அதன் சேமிப்புக் கணினிகளும் உருசியாவுக்குப் பெயர்ந்தன. ‘ஓபன் டைரி’ 2014 பிப்ரவரியில் மூடப்பட்டது. தம் எழுத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். பதினைந்தாண்டுகள் புனைபெயரால் மட்டுமே அறிந்திருந்த நண்பரை எவ்வூரில் போய்த் தேடுவது? 2018 ஜனவரியில் ஏபிள்சன் அத்தளத்தை மீண்டும் திறந்தார். அத்தகைய நண்பரைக் காண விழைந்தவர்க்கு, பழைய பெயரையே பூண்டு மறுபடியும் அங்கே சென்று எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.