எங்கிருந்து தொடங்குவது? பட்டியல்கள் குறித்துச் சில சந்தேகங்கள்

1

இதை ஒரு சுயவிமர்சனத்திலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு விசைத்தறித் தொழிலாளத் தோழர் ஒருவர் வரத்தொடங்கினார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவார், துண்டறிக்கை எழுதுவார். எங்கள் வட்டத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஒருநாள் கூட்டம் முடிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னுடன் நடந்து வந்தவர் கேட்டார்: “தோழர், தறியில எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கிறோம். போராட்டம்னா ஒண்ணா உள்ள போறோம். ஊருக்குள்ள போனா சுடுகாடு மட்டும் வேற வேறயா இருக்கு. இத வெளங்கிக்கணும்னா எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கணும்? நான் ஒண்ணும் பெருசா படிச்சவன் இல்ல.”

இதில் எனக்குக் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும்தான். அன்றிரவே உட்கார்ந்து இருபத்திரண்டு புத்தகங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தேன். முதலில் கிரேக்கத் தத்துவ வரலாறு, அப்புறம் இந்தியத் தத்துவம், அப்புறம் அரசியல் பொருளாதாரம், இப்படியே ஏறிப்போய்க் கடைசி மூன்றில்தான் சாதி வருகிறது. ‘அடிப்படை இல்லாமல் எப்படி?’ என்பது என் எண்ணம். நல்லெண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. தோழர் நாலைந்து வாரம் வந்தார். பிறகு வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து டீக்கடையில் பார்த்தபோது சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. “ரெண்டாவதுலயே நின்னுட்டேன் தோழர். முத புத்தகமே சரியா புடிபடல. அத முடிக்காம அடுத்ததுக்குப் போறது தப்பில்லையா? நமக்கெல்லாம் படிப்பு வராது, விடுங்க.”

ஒரு மனிதர் ஒரு கேள்வியோடு வந்தார். நான் அந்தக் கேள்வியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். போகும்போது அவரிடம் மிஞ்சியது ‘படிப்பு வராது’ என்கிற முடிவு ஒன்றுதான். இந்த வன்முறை எப்படி நிகழ்ந்தது என்பதை யோசிக்காமல் வாசிப்பு இயக்கம், மாற்றுக் கல்வி என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

2

‘படிப்பு வராது’, ‘மண்டையில ஏறாது’ என்கிறோம். காய்ச்சல் வருவதுபோல, மழை வருவதுபோலப் படிப்பும் தானாக ‘வருகிற’ ஒன்று. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராதவனிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்கலாமே தவிர, வரவிடாமல் செய்தது யார் என்ற கேள்வி இந்தச் சொல்லாடலுக்குள் எழவே முடியாது. 1953ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி எதிர்த்ததால் 1954ல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. திட்டம் போய்விட்டது. ‘அவனுக்கு எது வரும்’ என்று பிறப்பைப் பார்த்து முடிவு செய்கிற கருத்தியல் வகுப்பறையை விட்டு அவ்வளவு சுலபமாகப் போய்விடவில்லை. கடைசி பெஞ்சுக்காரனாக உட்கார வைக்கப்பட்டவன் நாற்பது வயதில் ஒரு புத்தகத்தைத் திறக்கும்போதும் அந்த வாத்தியாரின் குரல் கூடவே வருகிறது.

பியர் பூர்தியு 1979ல் வெளிவந்த தன் ‘தனித்துவம்’ நூலில் சுயமாகப் படித்தவர்களைப் பற்றி விவாதிக்கிறார். பள்ளி ஒருவனை வெளியே தள்ளும்போதே, தான் காப்பாற்றி வைத்திருக்கும் பண்பாட்டின் மீது தீராத மரியாதையையும் அவனுக்குள் ஊன்றிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பட்டம் பெற்றவன் ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடினால் அது ரசனை. பட்டமில்லாதவன் மூடினால் அது இயலாமை. எங்கள் தோழர் முதல் புத்தகம் பிடிபடாததற்குத் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டதும் இதனால்தான். உண்மையைச் சொல்லப்போனால் அந்தக் கிரேக்கத் தத்துவ வரலாற்றை நானும் முழுசாகப் படித்ததில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சார்த்தர் 1938ல் எழுதிய ‘குமட்டல்’ நாவலில் சுயகல்வியாளர் ஒருவர் வருகிறார். ஊர் நூலகத்துப் புத்தகங்களை ஆசிரியர் பெயரின் அகரவரிசைப்படி ஒன்றுவிடாமல் படித்து வருபவர். நாவலில் நாம் அவரைச் சந்திக்கும்போது ‘எல்’ எழுத்துக்கு வந்திருக்கிறார். படித்தவர்கள் எல்லாருமே இந்த இடத்தில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அப்படிச் சிரிக்க முடியவில்லை. எது முக்கியம், எது இல்லை என்று சொல்ல ஆளில்லாதவன் எந்த வரிசையைத்தான் நம்புவான்? ஆனால் அவர் வரிசைக்கும் என் இருபத்திரண்டு புத்தக வரிசைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டிலுமே படிப்பவனின் கேள்விக்கு இடமில்லை.

3

தமிழில் பட்டியலுக்கு நீண்ட மரபு உண்டு. க.நா.சு. ஓயாமல் பட்டியல் போட்டார். வணிகப் பத்திரிகைகள் தீர்மானித்த ரசனைக்கு எதிராக இன்னொரு வரிசையை முன்வைக்கும் கலகம் அன்று அதில் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. அவருடைய ஒரு நூலின் பெயரே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பதுதான். இதை அழைப்பாகவும் வாசிக்கலாம், விசாரணையாகவும் வாசிக்கலாம். கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பதைப் பொறுத்தது. இப்போது சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போதெல்லாம் ‘சாவதற்குள் படிக்க வேண்டிய நூறு’ கைபேசிக்கு வந்து சேர்கிறது. பழைய கலகம் இதில் இல்லை. விசாரணை மட்டும் இருக்கிறது.

பட்டியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அயோத்திதாசர் 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1914ல் இறந்தார். கோலார் தங்கவயல் தொழிலாளர்களிடம் வரை போய்ச் சேர்ந்த எழுத்து அது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999ல் வந்த பிறகுதான் அறிவுத்துறையில் பரவலாகப் பேசப்பட்டது. இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளில் ‘அடிப்படை நூல்கள்’ என்று நம்முடைய ஆட்கள் எத்தனை வரிசை போட்டிருப்பார்கள்? மறக்கடிக்கப்பட்டது எதுவோ அது பட்டியலில் வராது. வரிசைப்படி படித்து முடித்தவனும் அந்த மறதியைத்தான் முழுமையாகக் கற்றிருப்பான்.

4

இதற்கு எதிர்முனையில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ‘ஏட்டுப் படிப்பெல்லாம் எதுக்கு, உழைக்கிற மக்களுக்குத் தெரியாததா?’ என்று தோளில் தட்டிக்கொடுப்பது. இதைச் சொல்பவர் வீட்டு அலமாரியைப் போய்ப் பாருங்கள், புத்தகம் நிறைந்திருக்கும். தன் பிள்ளையை மட்டும் நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டு ஊராரிடம் அனுபவமே பள்ளி என்பார். அனுபவம் கேள்வியைத் தரும், ஆனால் பதிலைத் தந்தே தீரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சுடுகாடு வேறாக இருப்பது எங்கள் தோழருக்குத் தினமும் தெரியும். அது ஏன் என்பது அப்படித் தினமும் பார்ப்பதால் மட்டும் தெரிந்துவிடவில்லை. அதற்காகத்தான் அவர் புத்தகம் கேட்டார்.

ழாக் ரான்சியர் 1987ல் எழுதிய ‘அறியா ஆசான்’ நூல் ஒரு நிஜ சம்பவத்திலிருந்து கிளம்புகிறது. ழோசப் ழாகொதோ என்ற பிரெஞ்சுக்காரர் நாடுவிட்டு வந்து 1818ல் லூவென் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். மாணவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கோ ஃபிளெமிஷ் தெரியாது. ஃபெனலோன் எழுதிய ‘தெலெமாக்’ கதையின் இருமொழிப் பதிப்பு ஒன்று அப்போது கிடைக்கிறது. மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிரெஞ்சு மூலத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆள் வைத்துச் சொல்லி அனுப்புகிறார். பிறகு படித்ததைப் பற்றிப் பிரெஞ்சிலேயே எழுதச் சொல்கிறார். அவர்கள் எழுதியதைப் பார்த்து அவரே ஆடிப்போகிறார். இலக்கணம், அடிப்படை, படிப்படியான விளக்கம் எதுவும் இல்லாமல் எப்படி இது நடந்தது?

ரான்சியர் வந்து சேரும் இடம் முக்கியமானது. விளக்கிச் சொல்கிறவன் ஏற்கெனவே இருக்கிற அறியாமையைப் போக்குகிறான் என்று நினைக்கிறோம். உண்மையில் ‘உனக்குத் தானாகப் புரியாது’ என்பதைத்தான் அவன் முதல் பாடமாகக் கற்பிக்கிறான். எல்லோருக்கும் சம அறிவு உண்டு என்பதை இலக்காக வைத்தால் அது தள்ளிக்கொண்டே போகும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ழாகொதோவின் மாணவர்கள் பல்கலைக்கழகம் வரை வந்தவர்கள். உட்கார்ந்து படிக்க அவர்களுக்குப் பகல் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்று வருகிறவனுக்கு இருப்பது ராத்திரி மட்டும்தான். ரான்சியரே 1981ல், ‘பாட்டாளிகளின் இரவு’ நூலில், 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தூக்கத்தைத் திருடி எழுதவும் படிக்கவும் செய்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார். களைப்பு வேறு, அறியாமை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் எங்கள் தோழர் ‘படிப்பு வராது’ என்றார். அவருக்கு வராமல் போனது தூங்காமல் விழித்திருக்கும் தெம்புதான்.

5

அப்படியானால் எங்கிருந்துதான் தொடங்குவது? இதே தலைப்பில் 1901ல் லெனின் ஒரு கட்டுரை எழுதினார். அது அமைப்பைப் பற்றியது. பத்திரிகையிலிருந்து என்பது அவர் பதில். நம் சின்ன விஷயத்துக்கு என் பதில்: நீ ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிற சண்டையிலிருந்து. அந்தச் சண்டையின் இரண்டு தரப்பும் உள்ளேயே இருக்கிற ஒரு புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது. எது உயர்ந்த புத்தகம், எது எளிய புத்தகம் என்பது அப்புறம்.

சுடுகாடு ஏன் வேறு என்று கேட்டவருக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ ஒன்றைத்தான். 1936ல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் நடத்தவிருந்த மாநாட்டுக்குத் தலைமையுரையாக எழுதப்பட்டது. உரையின் சில பகுதிகளை அமைப்பாளர்கள் ஏற்க மறுக்க, மாநாடே நடக்கவில்லை. பேசப்படாத உரையை அம்பேத்கர் தானே அச்சிட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்து நூலின் முன்பகுதியிலேயே இருக்கிறது. காந்தி ‘ஹரிஜன்’ இதழில் மறுத்து எழுதினார். 1937ல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் மறுப்பையும் அதற்குத் தன் பதிலையும் அம்பேத்கர் சேர்த்துக்கொண்டார். ஆக வாசகனை யாரும் வகுப்பில் உட்கார வைப்பதில்லை. பஞ்சாயத்துக்கு நடுவே நிறுத்துகிறார்கள், தீர்ப்பை அவன்தான் சொல்லியாக வேண்டும்.

சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்ற வாதம் அதில் வருகிறது. தறியில் ஒன்றாக நின்று சுடுகாட்டில் பிரிகிறவனுக்கு இதைவிட அடிப்படையான நூல் எது? என் பட்டியலில் முதலில் நின்ற கிரேக்கர்களும் இங்கே வருகிறார்கள். நால்வருணத்தை எதிர்க்கும் இடத்தில் அம்பேத்கர் பிளேட்டோவை இழுத்து வந்து கூண்டில் ஏற்றுகிறார். பிளேட்டோ யார் என்று இப்போது தேடிப் போகிறவன் ஒரு வேலையோடு போகிறான். டூயிக்கும் இப்படித்தான் போவான், மனுவுக்கும் இப்படித்தான். வரிசை இருக்கத்தான் செய்கிறது. அதைப் படிக்கிறவன் தன் கேள்வியால் போட்டுக்கொள்கிறான்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ‘கம்யூனிஸ்ட் அறிக்கை’யின் தமிழாக்கம் 1931ல் ‘குடி அரசு’ இதழில் வந்தது. ‘சாதி ஒழிப்பு’ம் வெளியான சூட்டோடு அதில்தான் தமிழில் வந்தது. படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் குறுக்கே கேள்வி கேட்டார். மௌனமாகத் தனியறையில் படிப்பதுதான் படிப்பு என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்?

6

கடைசியாக நம் சிறுபத்திரிகைகளைப் பற்றி. 1982ல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்ததிலிருந்து அமைப்பியலும், பின்னர் பின்நவீனத்துவமும் தமிழுக்குக் கொடுத்தவை அதிகம். பிரதிக்குள் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைப் பார்க்க நாம் அங்கேதான் கற்றோம். ஆனால் அந்தப் பக்கங்களைத் திறந்தவுடன் ‘நமக்கு இது இல்ல’ என்று மூடியவர்களின் எண்ணிக்கையை யாரும் கணக்கெடுக்கவில்லை. கடினமாக எழுதியது குற்றமல்ல, கடினமான விஷயங்கள் உண்டு. புரியாதவனின் கூச்சத்தை நம் தகுதிச் சான்றிதழாக மாட்டிக்கொண்டோமே, அதுதான் குற்றம். அதிகாரத்தைக் கட்டுடைக்கிறேன் என்று எழுதிய அதே கையால்தான் நான் அந்த இருபத்திரண்டு புத்தகங்களையும் எழுதிக்கொடுத்தேன்.

தோழரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “அட, அதுக்கென்ன தோழர்” என்றார். இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பேர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘சாதி ஒழிப்பை’ உரக்கப் படிக்கிறோம். ஒரு நாளைக்கு மூன்று பக்கம் போனால் அதிகம். போன தடவை அவர் கேட்டார்: “மாநாட்டுக்குக் கூப்பிட்டவங்களும் சாதி வேண்டாம்னவங்கதான? அப்புறம் எந்த எடத்துல பயந்தாங்க?” என்னிடம் பதில் இல்லை. கடிதங்களை மறுபடி முதலிலிருந்து படித்தோம். அடுத்து காந்தியின் பகுதி வருகிறது. அந்தத் தரப்பைத் தான்தான் வாசிப்பேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.