சான் ரெமோவில் தோற்ற பாட்டு

இத்தாலியின் கடற்கரை நகராகிய சான் ரெமோவில் 1951 முதல் பாட்டு விழா நடந்து வருகிறது. ஐரோப்பிய நாடுகள் கூடிப் போட்டியிடும் யூரோவிஷன் அரங்கிற்கு இத்தாலியின் பாட்டு பல ஆண்டுகள் அவ்விழாவிலிருந்தே சென்றது. 1966இல் அங்கே அத்ரியானோ செலந்தானோ பாடிய ‘குளூக் வீதிச் சிறுவன்’ முதற்கட்டத்திலேயே தள்ளப்பட்டது. அவ்வாண்டுப் பாடல்களுள் நாம் மீண்டும் மீண்டும் விரும்பிக் கேட்பது அதனையே.

குளூக் என்பது மிலான் நகரின் ஒரு வீதி. தென்னாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தில் 1938இல் செலந்தானோ பிறந்தது அவ்வீதியிலேதான். பாட்டின் கதை சிறிது. ஊரோரத்துப் புல்வெளியில் வளர்ந்த சிறுவன் நகருக்குள் குடிபெயர்கிறான். ஆண்டுகள் கழித்துக் கையில் பணத்தோடு தன் பழைய வீட்டை வாங்கத் திரும்புகிறான். புல் இருந்த இடத்தில் தாரும் சிமெண்டுமே இருக்கின்றன. போருக்குப் பின் மிலானில் கட்டடங்கள் பெருகிய காலம் அது. ஆயினும் பாடகர் பழிதூற்றவில்லை. அண்டை வீட்டாரிடம் பேசுவதுபோல், ஏறக்குறைய ஒரே சுருதியில் கதை சொல்லிச் செல்கிறார். ஓங்கிய குரலுக்குக் கைதட்டிப் பழகிய அரங்கில் இவ்வடக்கம் எடுபட்டிருக்காது என்பதே நம் கருத்து. கதைப்பாட்டு முடிவு தெரிந்தபின் இன்னொரு முறை கேட்கப்படும்போதுதான் முழுதும் திறக்கிறது. அந்த இரண்டாம் முறையை நடுவர்கள் அதற்கு அளிக்கவில்லை.

பரிசு பெற்றது தொமெனிக்கோ மொதுஞ்ஞோவும் ஜீல்யோலா சிங்குவெத்தியும் பாடிய ஒரு காதற்பாட்டு. அதனை மொதுஞ்ஞோ மார்ச் மாதம் லக்சம்பர்க் அரங்கில் பாடியபோது ஒரு புள்ளியும் கிட்டவில்லை. ‘பார்த்தீர்களா!’ என்று நாம் மகிழலாமோ? கூடாது. அப்பாட்டும் இத்தாலியர் நெஞ்சில் இடம்பெற்றதே. சான் ரெமோவின் தீர்ப்பை நம்பாதவர் லக்சம்பர்க்கின் பூச்சியத்தை மட்டும் எவ்வாறு சான்றாக்குவது?

நம் குறை வேறு. உக்காழ் சந்தையில் செந்தோற் கூடாரத்தின்கீழ் அமர்ந்து கவிஞர்களை எடைபோட்ட நாபிகாவைப் பற்றி அரபு இலக்கிய நூல்கள் கூறுகின்றன. தமக்கு முதலிடம் இல்லையே என்று ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) வினவியபோது, விருந்துக் கலங்களையும் வாள்களையும் குறிக்கச் சிற்றெண்ணிக்கைப் பன்மையை ஆண்டதால் பெருமிதம் குன்றிற்று என அவர் காரணம் காட்டினாராம். அத்தீர்ப்பை மறுக்கலாம், மறுத்தவர்களும் உண்டு. மறுப்பதற்கு அங்கே ஒரு காரணமாவது இருந்தது. வாக்குகளை எண்ணி முடித்த தீர்ப்போடு எவர் வாதிடுவது?

குளூக் பாட்டுக்கு உண்மையான திறனாய்வு இன்னொரு பாடகரிடமிருந்தே வந்தது. அதே 1966இல் மிலான்காரரான ஜோர்ஜோ காபர் அதற்கு மறுமொழியாக ஒரு பாட்டு இயற்றினார். மணம் முடிக்கக் காத்திருக்கும் இருவர்க்கு ஒரு சிறு வீடு வேண்டும். அவ்வீடோ புல்வெளிக்காக இடிக்கப்படுகிறது. பணத்தோடு திரும்பி வந்தவன் புல்லைத் தேடலாம், கூரையில்லாதவன் என்ன செய்வான் என்னும் அவ்வினாவிற்குச் செலந்தானோவின் பாட்டில் விடையில்லை. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கையில் முதற்பாட்டின் துயரம் சிறிதும் குறையக் காணோம்.