சுனைக்குப் போகிற வழி

தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு மேலே, கொட்டகுடி ஆற்றுக்கு நீர் தரும் சரிவுகளில், வரைபடத்தில் பெயரில்லாத சுனைகள் உண்டு. பாறைக்குழியில் மழைநீர் தங்கி, கசிவு ஊறி, நாலு கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் கிடக்கும். எந்தப் பாதையும் அங்கே போய் முடிவதில்லை. புல்லை விலக்கி, பாறை பார்த்து, சரிவின் போக்கை அனுசரித்துத்தான் போக வேண்டும். தடம் விட்டு நடக்கும் இந்தப் பழக்கம் இளைஞர்களிடம் வேகமாகப் பரவுகிறது. எனக்கும் அதில் தீராத ஆசை உண்டு. ஆசைப்படுகிறவனே அதை எடைபோட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் அதன் பலம். பாதையில் நடப்பவன் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்க்கிறான்; பாதை விட்டு இறங்கியவனுக்கு மலையைப் பார்க்காமல் தீராது. ஈரம் எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து, மிதித்த கல் நிற்குமா உருளுமா என்று ஒவ்வொரு அடியிலும் கேள்வி. சில வருடங்களுக்கு முன், மாடு மேய்த்து வளர்ந்த பெரியவர் ஒருவரோடு அப்படிப் போனேன். சுனைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டார். தரையில் காட்டுமாட்டுச் சாணம், ஆவி பறக்க. “இன்னைக்கு வேணாம் தம்பி. அதுக குடிச்சிட்டுப் போகட்டும்” என்று திரும்பி நடந்தார். சுனையைப் பார்க்காமலே இறங்கினேன். அந்த மலையைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றது அன்றைக்குத்தான்.

இந்தப் பலம் அந்தப் பெரியவரோடு சேர்ந்தே வருவது. அவர் இல்லாமல் அதே சரிவு என்ன செய்யும் என்பதை 2018 மார்ச் 11 காட்டியது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த சென்னை, ஈரோடு, திருப்பூர்க்காரர்களைக் காட்டுத்தீ வளைத்தது. 23 பேர் இறந்தார்கள். டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்றது வனத்துறை. அதன்பின் அனுமதிச் சீட்டைப் பற்றியே அதிகம் பேசினோம். மலையைப் பற்றிப் பேசியது குறைவு.

தேனியின் மேற்கு மலைகள் மழைமறைவில் இருப்பவை. தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கம் கொட்டித் தீர்த்துவிடும்; இந்தப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மாசி பிறந்தால் ஆளுயரப் புல் வைக்கோலாக நிற்கும். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். தன் அனலால் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திக்கொண்டு வரும். கீழே நெருப்பைக் கண்டு மேலே ஓடுகிறவனை அது முந்திவிடும். ஓடைப்பள்ளம் ஒதுங்க இடம்போலத் தெரியும், ஆனால் புகையும் அனலும் அதன் வழியாகத்தான் ஏறும். அன்று சிதறி ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்தார்கள். தப்பிக்க இடம் வெறும் பாறையும் ஏற்கெனவே எரிந்து முடிந்த தரையும்தான். சுனைகள் இருப்பது பெரும்பாலும் வெறும் பாறையில். அதனால் சுனைக்கு வழி தெரிந்தவருக்குத் தப்பிக்கும் வழியும் தெரியும் என்று சொல்லலாம். தடம் விட்டு நடக்கும் அறிவை வெறும் சாகசம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு என் பதில் இது. அந்த அறிவு கைபேசி வரைபடத்தில் இல்லை என்பது சாகசக்காரர்களுக்கான பதில்.

இன்னொரு குறை சத்தமில்லாதது. கோடையில் அந்தத் தண்ணீர் யானைக்கும் மிளாவுக்கும் காட்டுமாட்டுக்கும் உயிர். அதன் கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கினால், குடிக்க வந்தவை தாகத்தோடு திரும்பும். அதைவிட மோசம், நடந்த வழியை ஜிபிஎஸ்ஸில் பதிந்து எல்லோருக்கும் அனுப்புவது. ஒருவர் நடந்தால் புல் நிமிர்ந்துகொள்ளும். நூறு பேர் நடந்த கோடு ஐப்பசி மழையில் வாய்க்காலாகிவிடும். அரித்த மண் கடைசியில் சுனைக்குள்தான் போய்ச் சேரும்.

இந்த மலைகளின் பாதைகள் பெரும்பாலும் வேலைக்காக உண்டானவை. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய காலம் உண்டு. மேலே அதைச் சுமந்து வந்த குண்டளை ரயில் 1924 வெள்ளத்தோடு போனது. முதுவர்களும் பளியர்களும் தேனுக்கும் கிழங்குக்கும் நடந்தார்கள். மலைமாடுகளோடு மேய்ப்பவர்கள் நடந்தார்கள். நாம் ‘தடம் இல்லை’ என்று சொல்லும் இடம் அவர்களுக்குத் தடம்தான். 2022இல் உயர்நீதிமன்றம் வன மேய்ச்சலுக்குத் தடை சொன்னது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களோடு நிறுத்திக்கொண்டது. மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம் என்பதால் அங்கே அந்தத் தடை பொருந்தும். புதுப்புல்லுக்காகத் தீ வைக்கும் பழக்கம் மேய்ப்பவர்களிடையே இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாடு ஏறாத சரிவில் புல் மண்டும், தடம் மூடும், எந்தப் பாறையில் தண்ணீர் என்று சொல்ல ஆள் இல்லாமல் போகும்.

2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள். குரங்கணி–சாம்பலாறும் அதில் ஒன்று. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். குரங்கணியில் 23 உயிர் கொடுத்த பிறகு இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பட்டியலுக்கு வெளியே அனுமதியின்றி நுழைவதை, எத்தனை அனுபவசாலி செய்தாலும், நான் ஆதரிக்க மாட்டேன். புலிகள் காப்பகத்துக்குள் அந்தப் பேச்சே வேண்டாம். வெளியே இருக்கும் காடுகளிலாவது, ஐந்து பேருக்கு மிகாமல், கார்த்திகைக்கும் தைக்கும் இடையில், அந்த மலையிலேயே வளர்ந்த ஒருவரின் பின்னால் சுனை வரை போக அனுமதி வேண்டும் என்பது என் கட்சி. எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பது அவர் வாயிலிருந்து வரட்டும். பாதி வழியில் அவர் திரும்பச் சொன்னாலும் அன்றைய கூலி முழுதாக அவர் கைக்குப் போக வேண்டும். கூலி போய்விடும் என்ற பயம் இருந்தால் சாணத்தில் ஆவி பறப்பதைப் பார்த்தும் அவர் மேலே நடப்பார்.