நன்னாரி வேர்

சித்திரை வெயிலில் சாத்தூர்க் காராச்சேவு தின்ற வாய்க்கு நன்னாரி சர்பத்தை மிஞ்சிய மருந்து கிடையாது. மருந்துதான். உடற்சூடு தணிய, சிறுநீர் நன்றாகப் பிரிய, ரத்தம் சுத்தமாகச் சித்த வைத்தியம் சொல்லும் வேர் இது. 1864-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பார்மகோபியாவிலும் ஏறியது.

வாசமெல்லாம் வேர்ப்பட்டையில்தான்; லேசாகத் தட்டி, நடுநரம்பை உருவிப் போட்டுவிட வேண்டும். வனிலினில் உள்ள அதே அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்ட ஒரு சேர்மம்தான் அந்த மணம். மாகாளிக் கிழங்கை முகர்ந்தவர்களுக்கும் அது பழக்கம். எளிதில் ஆவியாகிவிடும், கொதிக்கவிட்டால் போச்சு. வெந்நீரில் இரவெல்லாம் ஊறவிட்டு, வடித்து, ஆறிய பாகில் கலப்பதே என் கட்சி. செக்கச்செவேலென்ற சாய சர்பத்தை நான் நன்னாரிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எலுமிச்சையும் அளவோடுதான், புளிப்பு ஏறினால் வேர் பேசாது.