பொதியின் அளவும் யந்திரத்தின் அளவும்

சேலம் லீ பஜாரின் மொத்த வியாபாரக் கிடங்குகளிலும், குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும், நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளிலும் தினந்தோறும் சேர்ந்துவிடுகிற அட்டைப்பெட்டி, பாலிதீன் உறை, நூல் கூம்பு, தீவனச் சாக்கு ஆகியவற்றைப் பழைய பேப்பர் வியாபாரியிடம் உதிரியாகத் தூக்கிக் கொடுத்துவிடுவதற்குப் பதிலாக, சொந்தத்தில் ஒரு பேலிங் மெஷின் வாங்கி, அழுத்திப் பொதியாகக் கட்டி விற்பது மிகவும் விவேகமான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பணம் இடங்கொடுக்கிற வரையில் பெரியதாகப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம் என்ற ஓர் எண்ணம் நம்மவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தில் நியாயமும் உண்டு, பிழையும் உண்டு. பிழை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். விரித்து அடுக்காத அட்டைப்பெட்டி ஒரு கன மீட்டருக்கு உத்தேசமாக 40 கிலோதான் எடை வரும். 17 அடி நீளமும், அகலத்திலும் உயரத்திலும் 7 அடியும் உள்ள லாரித் தொட்டியில் அதை வாய்வரை நிரப்பினாலும் எடைமேடையில் ஒரு டன் காட்டாது. அதே சரக்கை நன்றாக அழுத்திப் பொதியாக்கினால் கன மீட்டருக்கு 300 கிலோவும் அதற்கு மேலும் கொள்ளும். அதே லாரி ஏழு டன்னை ஏற்றிக்கொண்டு போகும். சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராஃப்ட் காகித ஆலைகளுக்குச் சரக்கை அனுப்புகிறவருக்கு வாடகையில் மிச்சமாகும் தொகை அற்பமானதல்ல. பெரிய பொதியில் டன்னுக்கு இத்தனை என்று செலவாகும் கட்டுக்கம்பியும் குறைவு, ஏற்றி இறக்கும் தடவையும் குறைவு.

பெரியதை நாடும் இந்த மனோபாவத்துக்கு வேறொரு பூர்வீகமும் இருக்கிறது. இந்தப் பிரதேசத்து ஜனங்கள் பொதி கட்டும் யந்திரத்தைப் பார்த்துப் பழகியது நூற்பாலைகளில். அங்கே 170 கிலோ பஞ்சுப் பேல்கள் வந்து இறங்குகின்றன. கார்டிங்கிலும் கோம்பரிலும் ஒதுங்கும் கழிவுப் பஞ்சு மறுபடி பேலாக அழுத்தப்பட்டு ஓப்பன் எண்ட் ஆலைகளுக்குப் போகிறது. இரவு பகல் என்றில்லாமல் மூன்று ஷிப்டிலும் ஒரே ஜாதிச் சரக்கு இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் பெரிய யந்திரம் பொருத்தமானதுதான். அந்த உதாரணத்தை அப்படியே ஒரு ஜவுளிக் கடைக்கோ, மருந்து மொத்த வியாபாரக் கிடங்குக்கோ எடுத்துக்கொண்டு வரும்போதுதான் கணக்குப் பிசகுகிறது.

யந்திரத்தை விற்க வருகிறவர் முதலில் சொல்லுவது அதன் அழுத்த சக்தியை: 20 டன், 30 டன் என்று. அந்த எண் தனியே நின்று ஒன்றையும் தெரிவிப்பதில்லை. சரக்கின்மேல் இறங்கும் தட்டின் பரப்பால் அதை வகுத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். 80 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பெட்டியில் 20 டன் அழுத்தினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமான அழுத்தம் விழுகிறது. 120 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலமுள்ள பெட்டியில் 30 டன் அழுத்தினாலோ மூன்று கிலோவைக் கொஞ்சம் தாண்டுவதோடு சரி. அதாவது, அதிக விலை கொடுத்து வாங்கிய பெரிய யந்திரம் கட்டுகிற பொதி உருவத்தில் பெரிதாகவும் இறுக்கத்தில் தளர்வாகவும் இருக்கச் சாத்தியம் உண்டு. பெட்டியின் உள் அளவைச் சொல்லாமல் டன்னை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிற விலைப்பட்டியலை நம்பி முன்பணம் கொடுக்கலாகாது.

இதைவிட முக்கியமானதும், ஆனால் மிகக் குறைவாகவே கவனிக்கப்படுவதும், ஒரு பொதி நிறைய எத்தனை நாள் ஆகும் என்ற விஷயம். ஒரு ஸ்தாபனத்தில் தினம் 80 கிலோ அட்டையும் 15 கிலோ பாலிதீனும் சேருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோப் பொதி போடும் யந்திரத்தை அங்கே நிறுத்தினால், அட்டைப் பொதி ஒன்று முடிய ஐந்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளும் பெட்டி அட்டையின் வசத்தில் இருப்பதால், 75 கிலோ பாலிதீன் அழுத்தப்படாமல் மூலையில் மலையாகக் குவியும். காற்றடித்தால் தெருவெல்லாம் பறக்கும். மூன்றாம் நாள் மாலையில் கிடங்கைப் பெருக்க வருகிறவருக்கு இடம் வேண்டும். அவர் என்ன செய்வார்? பாலிதீனையும் வாரி அட்டையோடு உள்ளே போட்டு, பொத்தானை அழுத்திவிடுவார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்தக் கலப்படம் யந்திரத்தைத் தேர்ந்தெடுத்த தினத்திலேயே நிச்சயமாகிவிட்டது. ஆலைக்காரர் பொதியை அறுத்துப் பார்த்து, உள்ளே பாலிதீனும் தெர்மாகோலும் இருக்கக் கண்டு, அந்த லாரியின் மொத்தச் சரக்குக்கும் கழிவு போடுகிறார். நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்து தரம் பிரித்த பெண்களின் உழைப்பு அங்கே வீணாகிறது.

ஆகையால் அப்படிப்பட்ட ஸ்தாபனத்துக்குப் பெரிய யந்திரம் ஒன்றைவிட, 60 முதல் 80 கிலோ வரை பொதி போடும் சிறியவை இரண்டு எவ்வளவோ மேல் என்பேன். அட்டைக்கு ஒன்று, பாலிதீனுக்கு ஒன்று. தீபாவளிச் சமயத்தில் சரக்கு இரட்டிப்பாகிவிடுமே என்று அஞ்சத் தேவையில்லை. அந்தச் சில வாரங்களுக்கு யந்திரத்தைக் கூடுதல் நேரம் ஓட்டினால் தீர்ந்தது. வருஷத்தில் ஒரு மாதம் வரும் நெருக்கடியைப் பிரமாணமாக வைத்துக்கொண்டு, மற்றப் பதினோரு மாதமும் அரைவயிறாக நிற்கும் யந்திரத்துக்கு வட்டி கட்டுவது சிக்கனமாகாது.

சரக்கின் சுபாவமும் கவனிக்கத்தக்கது. அட்டை அழுத்தினால் அடங்கிக் கிடக்கும். பாலிதீனோ தட்டு மேலே ஏறியவுடன் மறுபடி உப்பும். பெட்டியின் உட்சுவரில் அதைப் பிடித்து நிறுத்தும் பற்கள் இல்லாவிட்டால் எத்தனை டன் அழுத்தியும் பிரயோஜனமில்லை. குடிநீர்ப் பாட்டிலை மூடியோடு போட்டால் உள்ளே அடைபட்ட காற்றே அழுத்தத்தை எதிர்த்து நிற்கும். இரும்புத் தகட்டுக் கழிவு இந்த வகை யந்திரங்களுக்குரியதே அன்று.

வாங்குகிறவர் யார் என்பதையும் முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். நாமக்கல் முட்டை 30 குழியுள்ள அட்டைகளில் அடுக்கப்பட்டு லாரி ஏறுகிறது. அந்த முட்டை அட்டை பழைய காகிதத்தைக் கூழாக்கி வார்க்கப்படுவது. அதைச் செய்கிற சிறு ஆலையில் காகிதத்தை ஆட்களே கையால் அள்ளித் தொட்டியில் போடுகிற நிலைமை இருக்குமானால், 400 கிலோப் பொதியை இறக்கவும் உருட்டவும் அவர்களிடம் சாதனம் இராது. பக்கத்தில் இருக்கும் அந்த வியாபாரத்தைக் கைவிட்டுத் தூரத்து ஆலையை மட்டும் நம்பும்படி பெரிய யந்திரம் உடையவரைக் கட்டாயப்படுத்துகிறது. மேலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த அட்டையை உள்ளே வைத்துக் கட்டிய பெரிய பொதி எளிதில் உலராது. ஆலை வாசலில் ஈரமானியைச் செருகிப் பார்த்து எடையைக் குறைப்பார்கள். சிறு பொதியைக் கூரையின் கீழே இடைவெளி விட்டு அடுக்கினால் ஒருவாறு ஆறும்.

தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். தட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் காடிகளின் வழியே கம்பியை நுழைத்து, மறுபக்கத்தில் இழுத்து, குறட்டால் முறுக்கி, கதவுச் சக்கரத்தைத் தளர்த்துகிற அந்த நிமிஷத்தில் உள்ளே அடங்கியிருக்கும் விசை முழுவதும் கதவின்மேல் வந்து மோதுகிறது. பெட்டி பெரிதாக இருந்தால் விசையும் பெரிது. ஓடும் யந்திர பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றும், காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை எவரையும் தூக்கச் செய்யலாகாது என்றும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே வற்புறுத்தியது. கதவு திறந்திருக்கையில் தட்டு அசையாதபடி நிறுத்தும் அமைப்பு இல்லாத யந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்கலாகாது.

தனியாருக்குச் சொன்னது சர்க்காருக்கும் பொருந்தும். தூய்மை பாரத இயக்கத்தின் கிராமப்புற இரண்டாம் கட்டத்தில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் 16 லட்சம் ரூபாய் வரை அநுமதிக்கப்பட்டது. சேலம் ஜில்லாவில் 20 ஒன்றியங்கள், நாமக்கல் ஜில்லாவில் 15. பள்ளிபாளையமும் ஓர் ஒன்றியம், கொல்லிமலையும் ஓர் ஒன்றியம்! ஒரே உச்சவரம்பு என்பது நிர்வாகத்துக்கு வசதியானது. ஒதுக்கீட்டில் பட்சபாதம் என்ற புகாருக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் ஒரே வரம்பு ஒரே மாதிரி யந்திரத்தில் கொண்டுபோய் விடுமானால், சமவெளியில் அது போதாமலும் மலையில் மிஞ்சியும் நிற்கும். கொல்லிமலையில் சேரும் பிளாஸ்டிக் கொஞ்சம். ஆனால் அதை உதிரியாக ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டி பெரும்பாலும் காற்றையே சுமக்கிறது. அங்கே இருவர் தூக்கக்கூடிய 40 கிலோப் பொதி போடும் சிறு யந்திரம் ஒன்றை மலைமேலேயே நிறுத்தி, மிச்சப் பணத்தைச் சரக்கைத் தரம் பிரிக்கும் கொட்டகைக்கும், பொதிகளைச் சேந்தமங்கலம் வரை இறக்கும் வண்டி வாடகைக்கும் செலவிட விதிகள் இடந்தர வேண்டும்.