புழுதி விதைப்பு: கரிசல் சம்சாரியின் கணக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காடுகளில் மானாவாரி வெள்ளாமை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஆனால் மழை பெய்யட்டும், பிறகு விதைக்கலாம் என்று கரிசலில் முழுக்கக் காத்திருப்பது ஆபத்து. நனைந்த மண் களியாக அப்பிக்கொள்ளும்; ஏரும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. பதம் வருவதற்குள் அடுத்த மழை வந்தால் பட்டமே தவறிப்போகும். அதனால்தான் புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுகிறார்கள்.

இம்முறையின் நுட்பம் விதை விழும் ஆழத்தில் இருக்கிறது. சோளத்தை 5 செ.மீ. ஆழத்தில் போட்டால் தூறல் அதை எட்டாது. அந்த ஆழம்வரை நனைந்தால்தான் முளைக்கும். மேலாக விழுந்த விதையோ ஒரு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை தாமதித்தால் கருகிவிடும். எவ்வளவு மழைக்கு விதை முளைக்கலாம் என்பதைச் சம்சாரி, அதாவது விவசாயி, விதைக்கும்போதே தீர்மானித்துவிடுகிறார். வானிலை அறிக்கை எதுவும் இல்லாத காலத்தில் உருவான இந்த அறிவு வியக்கத்தக்கது. கணக்கு சரியாக அமைந்தால் முதல் நல்ல மழையின் ஈரம் முழுவதும் பயிருக்குக் கிடைக்கும். மழை ஓய்வதற்குள் பயிரும் தேறிவிடும்.

குறைகளும் உண்டு. மழை தள்ளிப்போனால் புழுதியில் கிடக்கும் விதையை எறும்பும் பறவையும் தின்னும். மழைக்குப் பின் உழவு இல்லாததால் களையும் பயிரோடு சேர்ந்தே முளைக்கும். முளைப்பு பழுதானால் மறுபடி உளுந்தோ பாசியோ விதைப்பார்கள். அதற்கும் பட்டம் தவறினால் மண்ணில் தேங்கிய ஈரத்தை நம்பிக் கொத்தமல்லி, கொண்டைக்கடலை.

இந்த மாற்றுவழிகள் எல்லாம் வீட்டில் எடுத்துவைத்த விதையை நம்பி நின்றவை. விதை கைவசம் இருந்தவரை மறுவிதைப்பின் இழப்பு பெரும்பாலும் உழைப்போடு முடிந்தது. மக்காச்சோளம் பரவிய பிறகு நிலைமை மாறிவிட்டது. வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்க வேண்டும். முளைப்பு தவறினால் அந்தப் பணம் போயிற்று, பல வேளைகளில் அது கடன் பணம். 2018இல் வந்த படைப்புழு மருந்துச் செலவையும் கூட்டியது. விதைக்கும் முறை அதேதான்; தவறினால் தாங்கும் வலு குறைந்துவிட்டது. பயிர்க் காப்பீடு ஊர் அளவிலான விளைச்சலைப் பார்ப்பதால், தனி ஒருவர் இரண்டாம் முறை விதைத்த செலவு அதில் தென்படுவதில்லை.

காட்டில் பாதியைப் புழுதியிலும் மீதியை மழைக்குப் பின்னும் விதைப்பது நல்ல தற்காப்பு. பத்து ஏக்கர் உள்ளவருக்கு அது கட்டுப்படியாகும். இரண்டு ஏக்கர்காரர் அதற்காக டிராக்டரை இரண்டு முறை வாடகைக்கு அழைக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் முழுக் காட்டையும் ஒரே விதைப்பில் முடித்துவிடுகிறார்.